ஒரு டம்ளர் வல்லாரை

போன் அலறியது!

மருந்துக்கடையின் பின்னறையில், தலையில் கட்டோடு படுத்திருந்த இளையவன் காதைத் தீட்டிக்கொண்டான்.

எடுத்தது அண்ணி.

"சொல்லுங்க இன்ஸ்பெக்டர்... இல்லைங்க, தம்பிக்கு இன்னும் எதுவுமே ஞாபகம் வரலை... சரி, வாங்க."

இளையவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

வராது. வரவே வராது!

மூலிகைக் கிடங்கின் மாடிப்படியிலிருந்து அண்ணனை உருட்டிவிட்டுக் கொன்றதே இவன்தான். சந்தேகம் வராமலிருக்கத் தன் மண்டையையும் சுவரில் மோதிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி... "நான் யாரு?"

டாக்டரே நம்பிவிட்டார். இன்று இன்ஸ்பெக்டரும் நம்பிவிட்டால், 'தவறி விழுந்தார்' என்று எழுதி கேஸை மூடிவிடுவார். கடை இவனுக்கு. இல்லையென்றால்... கழுத்துக்குக் கயிறு!

அண்ணி ஒரு கையில் டம்ளரும் மறு கையில் சாறு பிழிந்த பாத்திரமுமாக வந்தாள். பச்சைப் பசேலென்று வல்லாரைச் சாறு. ஞாபகசக்திக்கென்று தினமும் அவளே அரைத்துப் பிழிந்து கொடுப்பது.

"குடிங்க தம்பி."

"ரொம்ப நன்றி மேடம்..."

"மேடம் இல்லை தம்பி. நான் உங்க அண்ணி."

"அப்படியா?"

மேடை ஏறியிருந்தால் பெரிய ஆளாகியிருப்பான், பாவி!

டம்ளரை வாங்கியவன் சட்டென்று நிதானித்தான். அண்ணியின் கை நடுங்குகிறது. கண்கள் சிவந்திருக்கின்றன. இவன் முகத்தையே பார்க்கவில்லை.

ஏன்?

"நேத்து அவர் கனவுல வந்தாரு தம்பி..."

"யாரு?"

"உங்க அண்ணன். பேசவே இல்லை. படியை மட்டும் காட்டினாரு."

இளையவன் டம்ளரைக் கீழே இறக்கினான்.

இவளுக்குத் தெரிந்துவிட்டதா? முன்கடை அலமாரியில் எட்டிக்கொட்டை இருக்கிறதே... கொஞ்சம் அரைத்துக் கலந்தால் ஆள் காலிதானே!

வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"என்னப்பா, இன்னும் குடிக்கலையா?"

"கு... குடிக்கறேன் சார்..."

"ஒரே மடக்கு தம்பி!" அண்ணியின் குரல் கல்லாக இருந்தது.

"மாட்டேன்!"

டம்ளர் பறந்து சுவரில் மோதியது.

"விஷம் சார்! இவ விஷம் கலந்துட்டா! நம்ம கடையில மருந்து குடுக்கறவங்க முதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டணும்... அப்பா காலத்து வழக்கம்! இவ குடிக்கவே இல்லை சார்!"



இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன்! அப்பா பேரே தெரியாதுன்னு டாக்டர்கிட்ட சொன்ன உனக்கு, அவர் காலத்து வழக்கம் மட்டும் எப்படிப்பா தெரியும்?"

இளையவன் திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

"அந்த வழக்கத்தை நான் இவர்கிட்ட சொல்லவே இல்லை சார்" என்றாள் அண்ணி. "இவர் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள் முதலா நான் ஒரு நாள்கூட குடிச்சுக் காட்டலை. கனவும் பொய்தான்... நீங்க சொல்லச் சொன்னதைச் சொன்னேன்."

"அப்புறம் ஏன்... கை நடுங்குச்சு?" இளையவன் முனகினான்.

"என் புருஷனைக் கொன்னவனுக்கு என் கையாலயே மருந்து குடுக்கறேனே, நடுங்காம என்னடா செய்யும்!"

வெடித்து அழுதாள். பாத்திரத்தில் மீதமிருந்த சாற்றில் அவனெதிரிலேயே ஒரு மடக்கு குடித்தாள்.

சுத்தமான வல்லாரை!

இளையவன் தரையில் சரிந்தான். "கடையைப் பிரிச்சுக் குடுன்னுதான் சார் கேட்டேன்... மாட்டேன்னான்... ஒரே தள்ளு..."

விலங்கை மாட்டிய இன்ஸ்பெக்டர், வியர்த்துக் கொட்டிய அவன் முகத்தைப் பார்த்தார். பாத்திரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"குடிச்சுக்கப்பா... ஞாபகம்தான் வந்துடுச்சு. படபடப்புக்கும் இதுதான் மருந்தாம்!"