மாம்பழ மஞ்சளும் மயில் நீலமும்

ஆடி மாதத்தில், காவிரிக்கு நாலு தெரு தள்ளி, திறந்த வாசலில் நின்று ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாம் என்று நினைப்பவளை என்னவென்று சொல்வது? ஸ்ரீரங்கத்து சுபஸ்ரீ அப்படித்தான் நினைத்தாள். டப்பாவைக் குலுக்கினாள், அழுத்தினாள். அதே நொடியில் காற்று திரும்பியது... மாம்பழ மஞ்சள் மொத்தமும், தெருவில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒருவனின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ... சாரிங்க!"

அவன் இறங்கினான். கத்தப்போகிறான் என்று பயந்தாள். அவனோ சட்டையை விட்டுவிட்டு, கயிற்றில் தொங்கிய அவள் சைக்கிள் ஃபிரேமைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்... புருவத்தில் வேறு ரெண்டு மஞ்சள் பொட்டு. சுபஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, பார்வையை எடுக்கவும் மறந்தாள்.

"ஏங்க, ஆடிக் காத்துல யாராவது ஸ்ப்ரே அடிப்பாங்களா?"

"போட்டியை ஆடியிலதாங்க வச்சிருக்காங்க. நான் என்ன பண்றது?"

அவன் பெயர் வளவன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அதே தெருக்கோடியில் இருந்த அக்கா வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அதைச் சொல்லிவிட்டு நல்லபடியாகக் கிளம்பியிருக்கலாம்...

"டப்பாவைக் கொடுங்க, நானே அடிச்சுத் தர்றேன். இதெல்லாம் பழகின கைக்குத்தாங்க வரும்."

அவ்வளவுதான். சுபஸ்ரீயின் முகம் சிவந்தது. "என் சைக்கிளுக்கு நான்தான் அடிப்பேன். நீங்க போயிட்டு வாங்க!"

கோபத்துக்குக் காரணம் இருந்தது. திருவானைக்காவலில் ஒரு சைக்கிள் குழு வருஷா வருஷம் போட்டி வைக்கிறது. சைக்கிளுக்குச் சொந்தக்காரர்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். போன வருஷம் பிரஷ் வேலை. "எந்தக் கடையில கொடுத்து அடிச்சீங்க?" என்று கேட்டு நடுவர்கள் அவளை ஒதுக்கிவிட்டார்கள். அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மூன்று நாள் அழுதாள். இந்த வருஷம் ஸ்ப்ரேயில் இரட்டை வண்ணம். பரிசு வராவிட்டால் போகிறது... 'இது இவள் கைவேலை' என்று ஊர் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஃபிரேமைக் காற்று புகாத பக்கச் சந்துக்குள் கொண்டுபோனாள். மஞ்சள் அழகாக வந்தது. காய்ந்ததும் பாதியில் டேப் ஒட்டி, பின்பாதிக்கு மயில் நீலம் அடித்தாள். டேப்பை உரித்தால்... நீலம் அடியில் ஊறி, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒன்னு சொல்லலாமா?"

அடுத்த ஞாயிறு. சந்தின் வாயில் வளவன். "அன்னிக்குப் பேசினது தப்புங்க. வாயால மட்டும் சொல்றேன்... கை இங்க இருக்கு." இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சுபஸ்ரீ மூக்கை உறிஞ்சினாள். "சொல்லுங்க."

"டேப் ஓரத்தை நகத்தால நல்லா அழுத்துங்க. அது மேல முதல்ல மஞ்சளையே லேசா அடிங்க. இடுக்கு இருந்தா மஞ்சள் போய் அடைச்சுக்கும். மஞ்சள் மேல மஞ்சள், யாருக்குத் தெரியும்? அது காஞ்சப்புறம் நீலம். முழுசாக் காயறதுக்குள்ள டேப்பை உரிச்சிடுங்க."

உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வாரம் ஷிஃப்ட் முடிந்து தினமும் அக்கா வீட்டுக்கு வந்தான் வளவன். அக்காவுக்கே ஆச்சரியம்.

"ஒரு அடி தள்ளிப் பிடிங்க... ஃபிரேமுக்கு வெளியவே ஆரம்பிச்சு, வெளியவே முடிங்க... ஐயோ, வழியுது பாருங்க!"

"வழியாம என்ன செய்யும்? நீங்க அப்படிப் பார்த்தா?"

வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சட்டென்று வழிந்ததைத் துடைக்கக் குனிந்தாள்; அவன் தரையில் இருந்த டப்பாவின் லேபிளை எழுத்தெண்ணிப் படித்தான்.

போட்டி நாள், திருவானைக்காவல் மைதானம். முன்பாதி மஞ்சள், பின்பாதி நீலம், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு... அவள் சைக்கிளைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவர் ஜெகபர் அலி, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஓய்வுபெற்றவர், குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் கண்ணில் வளவன் பட்டான்.

"அட, வளவா! ஒர்க்‌ஷாப் வேலை மாதிரியே இருக்கேன்னு பார்த்தேன். நீ அடிச்சுக் கொடுத்ததா?"

"இல்லைங்க பாய்! சத்தியமா நான் தொடவே இல்ல."

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. மறுபடியுமா... ஆனால் இந்த முறை சுபஸ்ரீ அழவில்லை.

"என் பையில மஞ்சள் அடிச்ச பழைய மட்கார்டு இருக்கு. டேப்பும் டப்பாவும் இருக்கு. இங்கேயே செஞ்சு காட்டறேன். எல்லாரும் நெருக்கமா சுத்தி நில்லுங்க, காத்தை மறைக்கணும்."

நம்பாதவர்கள் எல்லாம் சுவராக நின்றார்கள்! டேப் ஒட்டினாள், நகத்தால் அழுத்தினாள். மேலே மெல்லிசாக மஞ்சள். பொறுமையாகக் காய விட்டு நீலம், இன்னொரு தடவை நீலம். வளவன் மூச்சுவிட மறந்து நின்றான். கொஞ்சம் பொறுத்து டேப்பைச் சாய்த்துப் பிடித்து உரித்தாள்.

கோடு... நேர்க்கோடு!

கைதட்டல் மைதானத்தை அதிரவைத்தது. ஜெகபர் அலி கண்ணாடியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கம்மா. இது உன் கைவேலைதான். போன வருஷமும் உன் கைவேலையாத்தான் இருந்திருக்கும்." பிறகு மைக்கை வாங்கி, முதல் பரிசு சுபஸ்ரீக்கு என்று அவரே அறிவித்தார்.

கோப்பையோடு நேராக வளவனிடம் வந்தாள். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்சுட்டீங்க... சுபஸ்ரீ, அக்கா கேக்கறாங்க, தினமும் எதுக்குடா வர்றேன்னு. நான் வந்து..."

"இருங்க. இதையும் நானே சொல்றேன்." கோப்பையை அவன் கையில் கொடுத்தாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க அப்பாகிட்டயும் நானே பேசறேன்."

"எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டா... நான் என்னங்க செய்யறது?"

"சரின்னு சொல்லுங்க."

சொன்னான். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற ஜெகபர் அலி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னான்.