நாற்பத்திரண்டு நிமிடம்

இந்தக் காலத்துச் சனத்துக்கு, மற்றவன் வாயைத் திறந்தாலே கை காதுக்குப் போகிறது. காதுக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு மினுங்கும். சுருக்கி என்கிற கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். நீங்கள் அரைமணி நேரம் பேசினாலும் அது அரைத்து வடித்து ஒரே வரியாக உள்ளே விடும். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் பள்ளிக்கூடத்திலேயே பூட்டி விடுகிறார்கள். என் மகன் பிறந்தநாளுக்கு அழைப்பான். நான் தொடங்குவேன். "சரியப்பா, விளங்கிட்டுது" என்பான். என்ன விளங்கியது என்று அவனுக்குத்தான் வெளிச்சம். எனக்குச் சுருக்கி இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் எவனோ காதுக்குள் உட்கார்ந்து எனக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் தண்ணீரில் உடுப்புத் தோய்க்கிற கடைசி லோண்ட்ரி என்னுடையது. மற்றவர்கள் வீட்டில் காற்றுப்பெட்டி இருக்கிறது. ஒரு நிமிடத்தில் ஊதித் துப்புரவாக்கிவிடும். பிறகு என்னிடம் யார் வருவார்கள்? ஆரபி வந்தாள்.

ஆரபியை உங்களுக்குத் தெரியும். பத்திரிகைகளில் 'வெள்ளைக் கீற்று' என்று எழுதினார்களே, அவள்தான். வாராவாரம் படக்கதைப் புத்தகத்தில் வரைந்தார்கள். பாலம் உடைந்த அன்று அறுபது பேரை ஒரு மூச்சில் கரையில் கொண்டுவந்து வைத்தவள். எங்கள் ஆட்களின் பிள்ளை. அவளுடைய முதுகெலும்பில் வேகநரம்பு என்று ஒன்றை நட்டிருந்தார்கள். ஓடிவிட்டு வந்தால் அந்த வெள்ளை உடுப்பு கருகி நாறும். அந்த நூலுக்குக் காற்றுப்பெட்டி ஒத்துவராது, தண்ணீர்தான் வேண்டும். ஒரு தோய்ப்பு நாற்பத்திரண்டு நிமிடம்.

முதல்நாள் நான் நம்பவில்லை. "நீர் உண்மையான ஆளோ, இல்லாட்டி அந்தப் புத்தகக்காரர் செய்துவிட்ட பொம்மையோ?" என்றேன்.

"பொம்மை எண்டா இப்பிடி நாறுமே, அங்கிள்?"

நியாயமான பதில்தான். வாங்குப் பலகையில் உட்கார்ந்தவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்களை நிறுத்தலாமாம், மூளையை நிறுத்த முடியாதாம். எங்களுக்கு ஒரு வினாடி என்றால் அவளுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். அந்த நாற்பத்திரண்டு நிமிடம் அவளுக்கு முழுசாக இரண்டு நாள்.

"அப்ப சனம் கதைக்கேக்க என்ன செய்வீர்?"

"ஒரு சொல்லு முடியுமட்டும் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பன். ஆனா இப்ப ஒருத்தரும் கதைக்கிறேல்லை. 'உங்கட நேரத்தை வீணாக்கக் கூடாது' எண்டு ரெண்டு சொல்லோட போயிடுவினம். அம்மாவும் அப்பிடித்தான். என்னட்டை இருக்கிறது முழுக்க நேரம்தான், அங்கிள்."

எனக்கு அந்தத் தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. என் பாட்டுக்குப் பேசினேன். குழாய் வெடித்தது, மகனுடைய மாமியாரின் குணம், என் முழங்கால் நோவு எல்லாம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை தோறும் வந்தாள். ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மூண்டு கிழமைக்கு முதல் நான் என்ன சொன்னன்? சொல்லும் பாப்பம்."

அப்படியே ஒப்புவித்தாள். நடுவில் நான் இருமிய இருமலையும் சேர்த்து. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, இவளுடைய காதை மட்டும் நம்பலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இராசமலரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். என் மனைவி. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கடைசி நாளுக்கு வரும்போது மட்டும் மெஷின் நின்றுவிடும், அல்லது நானே எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஒரு படிவத்தோடு வந்தாள்.

"வேகநரம்பைக் கழட்டப் போறன், அங்கிள்."

"ஏன், உலகத்தைக் காப்பாத்தி அலுத்துப்போச்சோ?"

"நான் சிரிச்சு முடிச்சு, ஏன் சிரிச்சன் எண்டதும் மறந்த பிறகுதான் மற்றவைக்குச் சிரிப்பு வருது. ஒருக்கால் எண்டாலும் ஒருத்தரோட ஒண்டாச் சிரிக்கோணும்."

கழற்றினால் மூளை பழைய ஓட்டத்துக்குத் திரும்பவேண்டும். அதற்கு உட்கார்ந்து பேச ஓர் ஆள் பொறுப்பெடுக்க வேண்டுமாம். படிவத்தில் என் பெயரை எழுதியிருந்தாள். நான் அதை மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

"வந்து மலர் அன்ரியின்ர மிச்சத்தைக் கேக்கிறன்" என்றாள். "ரெண்டு பேரும் ஒரே வேகத்தில இருப்பம்."

ஏழு செவ்வாய்க்கிழமை இரண்டு கோப்பை தேத்தண்ணீர் வைத்தேன். ஏழு தரமும் ஒன்று ஆறிப்போனது.

எட்டாவது கிழமை வந்தாள். வயது இருபத்தேழுதான், வேகநரம்பு தின்றதில் முகத்தில் நாற்பதுக்கு மேல் தெரிந்தது. கையில் அந்த வெள்ளை உடுப்பு. படக்கதைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம், கடைசித் தோய்ப்பு. மெஷினைப் போட்டேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்தமுறை நான் எழுந்து போகவில்லை. சொன்னேன்.

அன்று காலை மலர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். இங்கே ஒரு மெஷின் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தது. "இஞ்சேருங்கோ, ஒரு விசயம்" என்றாள். "கெதியாச் சொல்லு, வேலையா நிக்கிறன்" என்றேன் நான். அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "ஒண்டுமில்லை" என்று வைத்துவிட்டாள். பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் அழைத்தார்கள், அவள் போய்விட்டாள் என்று. பன்னிரண்டு வருடமாகிறது. அது என்ன விசயம் என்று இந்த வாங்கில் இருந்து யோசிக்காத நாள் இல்லை. மகனிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடிக்க எனக்கு இருபத்து மூன்று நிமிடம் பிடித்தது.

ஆரபி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நேரம் பார்க்கச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு.

"நான் இப்ப என்ன சொன்னன்?" என்று கேட்டேன்.

"மலர் அன்ரி டெலிபோன் கோல் எடுத்தவ. ஒண்டுமில்லை எண்டு சொன்னவ."

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீருமோ, பிள்ளை?"

"என்ன செய்ய அங்கிள், எல்லாரும் போட்டிருக்கினம். இது இல்லாட்டி நான் எல்லாத்துக்கும் பிந்திப்போறன். மூண்டு மணிக்கு ஒரு இடம் போகோணும்." முகத்தில் உண்மையான பயம் இருந்தது. துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் ஓடியவள் இவள். "கதையின்ர சாரம் வந்திட்டுதுதானே? இது இன்னும் எவ்வளவு நேரம் சுத்தும்?"

"பத்தொன்பது நிமிசம்."

"பத்தொன்பதோ!" என்றாள். அவளுடைய முழங்கால் ஆடத் தொடங்கியது.

கடைத் திறப்புக் கொத்தை மெஷின்மேல் வைத்தேன். முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகட்டும். தொப்பியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

"அங்கிள்!" என்று பின்னால் கூப்பிட்டாள். "நில்லுங்கோ, ஒரு விசயம்."

சாரம் வந்துவிட்டது என்று சொன்னவள்தானே, இனி என்ன விசயம்? நான் நம்பவில்லை. நிற்காமல் நடந்தேன்.