இவரை யாருக்காவது தெரியுமா?

வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்பதால் அவளுக்கு வகுப்பில் 'வக்கீல்' என்று பெயர். ஆனால், சுற்றுலாவுக்கு நம் துறைமுகத்துத் தீவுக்குப் போகப்போகிறோம் என்று டீச்சர் சொன்னதும் வக்கீலுக்கே வாயடைத்துப் போயிற்று.

ஒரு காலத்தில் பிளேக் நோய் என்றால் ஊரே நடுங்கும். தூரதேசத்துக் கப்பல்களை உள்ளே விடாமல் அந்தத் தீவில்தான் நிறுத்தி வைப்பார்கள். நோய் இல்லை என்று உறுதியானால்தான் ஆட்கள் ஊருக்குள் வரலாம். இப்போது அங்கே நோயும் இல்லை, நோயாளியும் இல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மட்டும்தான்.

வக்கீலின் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. "எங்கப்பா தீவுல பெரிய அதிகாரி" என்று அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

உண்மையில் அப்பா அங்கே நோயாளியாக நடிப்பவர். முகத்தில் வெள்ளை மாவு பூசிக்கொண்டு, கட்டிலில் படுத்து, முனகி, கடைசியில் செத்துப் போவார். எத்தனை கூட்டம் வருகிறதோ அத்தனை தடவை சாவார்.

சுற்றுலாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவுக்கு ஒரே உற்சாகம்.

"நாளைக்கு உங்க கிளாஸ் வருதாமே! உனக்காகவே ஸ்பெஷலா சாகறேன், பாரு!"

"அப்பா..." வக்கீல் தரையைப் பார்த்தாள். "என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா."

அப்பாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சரி கண்ணு. சாகக் கிடக்கிறவனுக்கு யாரைத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் படகில் ஏறியதுமே, வகுப்பில் 'பட்டாசு' என்று பெயர் வாங்கிய பையன் தொடங்கிவிட்டான். அவன் பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்.

"உங்கப்பா படகுத்துறைக்கே வந்து நிப்பாரா? எங்களுக்கு மாலை போடுவாரா?"

"அவருக்கு மீட்டிங்" என்றாள் வக்கீல். பழைய பொய் ஒரு குட்டி போட்டது.

தீவில் ஒரு வழிகாட்டி அக்கா அவர்களை அழைத்துப் போனாள். வரிசையாகக் குளியலறைகள். கிருமி சாகத் துணிகளை ஆவியில் வேக வைக்கிற பெரிய இரும்பு அறை.

"கடிதங்களைக்கூட புகை போட்டுத்தான் வெளிய அனுப்புவாங்க" என்றாள் அக்கா.

"எங்க ரிப்போர்ட் கார்டுக்கும் கொஞ்சம் புகை போடுங்கக்கா! மார்க் தெரியாத அளவுக்கு!" என்றான் பட்டாசு. டீச்சரே சிரித்துவிட்டார். வக்கீலுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக நீளமான ஒரு அறை. வரிசையாக வெறும் கட்டில்கள். ஓரத்துக் கட்டிலில் மட்டும் ஒருவர் வெளிறிய முகத்தோடு முனகிக்கொண்டிருந்தார்.

அப்பா!

அவர் கண்கள் குழந்தைகள் மேல் ஒவ்வொருவராக நகர்ந்தன. வக்கீலிடம் வந்தன. நிற்காமல் அவளைத் தாண்டிப் போயின. ஒரு தூணைப் பார்ப்பது போல.

நேற்று அவள் கேட்டது இதைத்தான். கிடைத்த பிறகு, அவர் இன்னொரு தடவை பார்க்க மாட்டாரா என்று எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துல நோயாளி பக்கத்துல வர எல்லாருக்கும் பயம்" என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அதிகாரி வந்து சத்தமா கேப்பாராம். இவரை யாருக்காவது தெரியுமா?"

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"யாருக்காவது தெரியுமா?"

வக்கீலின் காது இரண்டும் சுட்டன. பக்கத்திலிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டாள்.

"பாருங்க, இப்படித்தான் அன்னைக்கும் யாரும் வாயே திறக்கல" என்றாள் அக்கா. அப்பா ஒரு பெருமூச்சு விட்டு அசையாமல் கிடந்தார். அக்கா அவர் மேல் வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடினாள்.

அடுத்த நொடி வீலென்று ஓர் அழுகை. தும்பி! வகுப்பிலேயே குட்டிப் பெண். போன வாரத்திலிருந்து அவள் தம்பி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"அந்த மாமா செத்துட்டாரு!"

"நடிப்புடா கண்ணா" என்று டீச்சர் அணைத்துக்கொண்டார்.

"சும்மா சொல்றீங்க! தம்பிக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. அப்புறம் வீட்டுக்கே அனுப்பல!"

அதைக் கேட்டு அப்பா பதறிப்போய்த் துணியோடு எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

"ஐயோ! பேய்!" தும்பி இன்னும் உரக்கக் கத்தினாள். பின்னால் சிலர் கொல்லென்று சிரித்தார்கள். அப்பா எழுவதா, படுப்பதா என்று தெரியாமல் துணிக்குள்ளேயே விழித்தார். அவர் கை மட்டும் வெளியே தெரிந்தது. 'பயப்படாதே' என்று சொல்வது போல அந்தக் கை மெதுவாக ஆடியது.

இப்போது பேசினால் பொய் வெளியே வந்துவிடும். பட்டாசு ஊர் முழுக்கச் சொல்லுவான். ஆனால் தும்பிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும்!"

எல்லாரும் திரும்பினார்கள். வக்கீல் கட்டிலருகே போய்த் துணியை விலக்கினாள்.

"இது எங்கப்பா. தினமும் இப்படித்தான் சாவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணி மடிப்பார். நல்லா குறட்டை விடுவார்." தும்பியின் விரலைப் பிடித்து அப்பாவின் கன்னத்தில் தேய்த்தாள். "பாரு, வெறும் மாவு."

"மெதுவா கண்ணு, கூசுது" என்றார் அப்பா.

தும்பி தன் விரலைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் சாய்ந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள்.

"அடிக்குது" என்றாள் விக்கலுக்கு நடுவில்.

"உன் தம்பிக்கும் அடிக்கும். காய்ச்சல் விடற வரைக்கும் டாக்டர் பாத்துக்கறாங்க. அதான் அங்க வெச்சிருக்காங்க" என்றார் அப்பா.

தும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் பட்டாசு கேட்டே விட்டான்.

"அப்ப பெரிய அதிகாரி யாரு?"

"யாரும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். வக்கீலுக்கு முகமெல்லாம் எரிந்தது. இந்த வழக்கில் வாதாட அவளிடம் ஒன்றுமே இல்லை.

டீச்சர் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்தார். வக்கீல் மட்டும் கட்டிலருகே நின்றாள்.

"அப்பா... அக்கா ரெண்டு தடவை கேட்டும் நான் வாயைத் திறக்கல."

"ம்." அப்பா தலையணையைத் தட்டிப் போட்டார். "கொஞ்சம் வலிச்சுது. நேத்து அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

அவள் கண்களிலிருந்து கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்பா மாவுக் கையால் துடைக்கப் போய் அவள் முகத்திலும் வெள்ளை அப்பிவிட்டது.

"போ, படகு போயிடும். எனக்கும் அடுத்த சாவுக்கு நேரமாச்சு."

வாசலில் பட்டாசு காத்திருந்தான். "ஏய், உங்கப்பா மூச்சை எப்படி அவ்வளவு நேரம் பிடிக்கிறார்? எனக்குக் கத்துக்குடுப்பாரா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் வக்கீல்.

அதற்குள் அடுத்த கூட்டம் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. பெரியவர்கள், கேமராக்கள். அப்பா பழையபடி முனகத் தொடங்கியிருந்தார். வக்கீல் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு, பட்டாசே காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தினாள்.

"அப்பா! போயிட்டு வரேன்பா!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வழிகாட்டி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாத்துப் போ கண்ணு! படகுல கையை வெளிய நீட்டாத!" என்றார், சாகக் கிடந்த நோயாளி.