குறிப்பில் எழுதாத வரி

திரையில் முப்பத்தைந்து படகு என்று வந்தது. முப்பத்துநாலு வர வேண்டும். நந்தினி ஒரு நொடி அதையே பார்த்தாள். புது லேப்டாப், முதல் நாள் கொஞ்சம் படுத்தத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மணி நாலரைதான். ஆனால் காலையிலிருந்து விடாத கார்த்திகை மழையில் வீடே இருட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாக ஏரிச் சேற்றின் வாடையும், எதிர்வீட்டுக் கூரையிலிருந்து தகர டிரம்மில் சொட்டுகிற தண்ணீரின் சத்தமும், கரையில் கட்டிய படகுகள் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொள்ளும் சத்தமும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுபவள் அவள். பழைய லேப்டாப் செத்துப்போனதால், 'எல்லாம் போனால் இப்படிச் செய்' என்று தானே எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக இருந்தது ஊருக்காக எழுதிய ஸ்கிரிப்ட். ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் வலை போட அன்றைக்கு எந்தப் படகுக்குப் பாடு, அதாவது முறை, என்று பார்த்து எல்லார் போனுக்கும் அனுப்பும். முறை தவறிப்போன படகுக்கு மறுபடி முதலிடம் தர வேண்டும். அது ஊர் வழக்கம் என்பதால் அதையும் சேர்த்திருந்தாள்.

பட்டியலைத் திறந்தாள். முதல் பெயர் கோதண்டம்.

போன வருஷம், முறைக்குப் போன அன்றே, வலை போடும் முன்பே, கோதண்டம் மாமாவின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. அவரும் முத்துராஜும் மாசிலாமணியும் போனார்கள். மூன்று உடலும் கிடைக்கவில்லை. அந்தப் படகில் நாலாவது ஆள் அவள் தம்பி ரஞ்சித். அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டான். பிறகு பட்டியலிலிருந்து மாமாவின் பெயரைக் கையால் அழித்தது நந்தினிதான். அதைக் குறிப்பில் எழுத அவளுக்கு மனசு வரவில்லை. இப்போது பழைய பட்டியல் அப்படியே திரும்பி வந்து, எல்லாருக்கும் போயும் விட்டது.

மாமாவின் பெண்டாட்டி பார்த்தால் என்ன ஆவாள்! பதறிப்போய் போனை எடுத்தாள். மாமாவின் எண்ணுக்குப் போன செய்தியில் இரண்டு டிக். அந்தப் போன் அவரோடு தண்ணீருக்குள் போனது.

டிக் நீலமானது.

"பாத்தேம்மா" என்று பதில் வந்தது.

நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். நம்பத்தான் பார்த்தாள். அதற்குள் அடுத்தது வந்தது.

"கெளம்பிட்டோம். ஆளு ஒண்ணு கொறையுது."

அந்தப் பெயரை அழித்தாள். 'கொடுத்த பாட்டைப் படகுக்காரரே விட்டால்தான் நீக்கலாம்' என்றது திரை. ஊர்க்காரர்கள் கேட்டார்கள் என்று அவளே எழுதிய வாக்கியம். மறுபடி அழித்தாள். மறுபடியும் அதே வாக்கியம். லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

மழை நின்றிருந்தது. படகுகள் இடிக்கும் சத்தமும் இல்லை.

"ரஞ்சித்து!"

பக்கத்து அறையில் கட்டில் காலி. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. அவனுக்குப் போன் போட்டாள்.

"இன்னாக்கா?" தூக்கக் கலக்கத்தில் பேசுகிற குரல். பின்னால் தண்ணீர் சளசளத்தது.

"எங்கடா கீறே? வூட்டுக்கு வா. இப்பவே வா."

"நம்ம பாடுக்கா. மாமா வந்து கூப்ட்டாரு."

"எந்த மாமாடா? தண்ணில கால வைக்காத. ரஞ்சித்து, கேக்குதா?"

"எனக்கு எடம் வச்சினு இருக்காங்கக்கா. அன்னிக்கே வந்திருக்கணும்னு சொல்றாங்க."

ஓடினாள். செருப்பில்லை. சேறு. வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். ஓடினாள்.

கரையில் எல்லாப் படகும் கட்டியபடி இருந்தன. ஒருவரும் இல்லை. ஏரியில், கூப்பிடு தூரத்தில், நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மார்வரை தண்ணீர். அடியில் படகு இல்லை. நாலு முதுகும் ஒன்றாகக் குனிந்தன, நிமிர்ந்தன. துடுப்பு போடுகிறார்கள். கையில் துடுப்பு இல்லை. கடைசி முதுகில் ரஞ்சித்தின் மஞ்சள் பனியன்.

"டேய்! குதிடா! குதிச்சி வாடா!"

அவன் மட்டும் திரும்பினான். சிரித்தான். இத்தனை நாள் இல்லாத நிம்மதி அந்த முகத்தில். அவள் தண்ணீரில் இறங்கி ஓடினாள். முழங்கால். தொடை. அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஏரி எங்கேயும் இடுப்புக்கு மேல் ஏறாது.

அவர்களுக்கு ஏறியது. தோள். கழுத்து. முதல் தலை போயிற்று. இரண்டாவது. மூன்றாவது. குனிந்து நிமிர்வதை யாரும் நிறுத்தவில்லை. நாலாவது தலை அக்காவைப் பார்த்துச் சிரித்தபடியே இறங்கியது. வாய் மூடவில்லை, உள்ளே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.