விலங்கு மாட்டிய உதவித்தொகை

போன் அலறியது!

நிதி மோசடிப் பிரிவு இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். தெரியாத எண்...

தெரியாத எண் என்றால் அவருக்கு உடம்பெல்லாம் கண். டிபார்ட்மெண்டில் அவருக்குப் பெயர் 'கழுகு'. யார் வைத்த பெயர் என்று கேட்டால் ஏட்டு மழுப்பிவிடுவார். அவரே வைத்துக்கொண்டது.

"ஹலோ..."

"வணக்கம் சார்." இனிக்க இனிக்க ஓர் ஆண் குரல். "கல்வி அறக்கட்டளையோட செயலாளர் பேசறேன். உங்க பொண்ணு எங்க முழு உதவித்தொகைக்குத் தேர்வாகியிருக்காங்க. கால்நடை மருத்துவம் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம்... எல்லாம் எங்க பொறுப்பு!"

கழுகுக்கு மூக்கில் வியர்த்தது.

"நாங்க எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணுமே வேண்டாம் சார். ஒரு சின்ன சரிபார்ப்பு, அப்புறம் உங்க சம்மதம். ரெண்டும் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள முடியணும். இல்லைன்னா அடுத்த பேருக்குப் போயிடும்."

இலவசம்... அவசரம்... இனிப்பான குரல்! மூன்றும் ஒன்று சேர்ந்தால் அது மோசடிதான்!

தவிர, மகள் எந்த அறக்கட்டளைக்கும் விண்ணப்பம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குத் தெரியாமலா? வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினாலே விசாரணை வைக்கிறவர்!

"ரொம்ப சந்தோஷங்க!" கழுகு குரலைக் குழைத்தார். "எனக்கு இந்தப் போன் விஷயமெல்லாம் ஒண்ணும் புரியாது. நேர்ல வர முடியுங்களா?"



"நேர்லயா? தாராளமா வர்றேன் சார்! எனக்கும் உங்களை ஒரு தடவை பாக்கணும்னு இருந்தது!"

என்ன நெஞ்சழுத்தம்!

"நாலரை மணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல காபி ஷாப்."

போனை வைத்ததும் ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"சார்... எதுக்கும் பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"வேண்டாம்யா. கேட்டா ஆசைப்படும். அப்புறம் இல்லைன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

சொல்லும்போது கழுகின் குரல் இறங்கிவிட்டது.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாயிற்று. நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்கு அந்த இடம். கல்விக் கடன் கேட்ட மூன்று வங்கிகளும் கையை விரித்துவிட்டன.

அப்படியானால் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து கழுகு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்?

அதுதான் ரகசியம்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குரல், "தேக்கு மரத்துல போடுங்க சார், பொண்ணு காலேஜ் போறப்ப மூணு மடங்கா வெட்டலாம்" என்றது. தோட்டத்தின் போட்டோவும் அனுப்பியது. கழுகு இருபதே நிமிஷத்தில் மொத்தத்தையும் அனுப்பிவிட்டார். அந்தத் தோட்டத்தை மறுபடி அவர் பார்த்தது மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டரில்!

புகார் கொடுக்கலாம்தான். ஆனால் அந்தப் புகார் வந்து சேர வேண்டிய மேஜை அவருடையது. மனைவியிடம் மட்டும் அழுதுவிட்டு, வாயை மூடிக்கொண்டார். ஊருக்கெல்லாம் திருடனைப் பிடித்துக் கொடுக்கிறவர் வீட்டிலேயே கோட்டை விட்ட கதை வெளியே தெரியலாமா?

இன்றைக்கு வந்த குரல்... அதே குரலாக இருந்துவிட்டால்?

"ஏட்டு! ஜீப்பை எடு!"

இந்த மாதிரிக் கதைகளில் இன்ஸ்பெக்டர் ஓடுகிற ஜீப்பிலிருந்து குதிப்பார். நம் கழுகுக்கு மூட்டு வலி. ஜீப் நின்ற பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

காபி ஷாப்.

மூலை மேஜையில் ஒல்லியான ஒரு மனிதர். மூக்குக்கண்ணாடி. மடியில் தோல்பை. ஒரு கை பைக்குள் இருந்தது!

"கையைத் தூக்குடா!"

கடை மொத்தமும் கையைத் தூக்கியது. தட்டில் இரண்டு காபியோடு வந்த சர்வரும் தூக்கினார். காபி நேராகக் கழுகின் சட்டையில் இறங்கியது.

சூட்டைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, கழுகு விலங்கை மாட்டினார். கிளிக்!

"சொல்லுடா! தேக்கு மரம் எங்கே?"

"தேக்கா?" ஒல்லி மனிதர் விழித்தார். அடுத்த நொடி... அவர் முகமெல்லாம் சிரிப்பு! "சார், நீங்கதானா அது? நிஜமாவே இருக்கீங்களா!"

"என்ன, பைத்தியம் மாதிரி நடிக்கிறியா?"

"பையில அடையாள அட்டை இருக்கு. பாருங்க. இல்லைன்னா உங்க பொண்ணுக்கே போன் போடுங்க."

கழுகு போட்டார். எதற்கும் இருக்கட்டுமே என்று.

"பாப்பா, நீ ஏதாவது உதவித்தொகைக்கு..."

"அப்பா! அவரை என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே... சும்மா..."

"விலங்கு மாட்டிட்டீங்களா?"

கழுகு விலங்கைப் பார்த்தார்.

"போச்சு! நாளைக்கு நான் காலேஜ் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கவேண்டியதுதான்!" மறுமுனையில் அழுகை வெடித்தது. லைன் கட்டாயிற்று.

ஏட்டு அடையாள அட்டையை மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு, கழுகின் காதில் கிசுகிசுத்தார்.

"சார்... ஒரிஜினல்."

"சாவி எங்கய்யா? கழட்டு!"

"உங்க மேஜை டிராயர்ல சார்..."

"ஓடு!"

ஏட்டு ஓடினார். கழுகு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷச் சேமிப்பைத் தொலைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. ஐந்தரை வருஷப் படிப்பைத் தொலைக்க இரண்டே நிமிஷம்! முன்னேற்றம்தான்.

"மன்னிச்சிடுங்க ஐயா. என் மேல என்ன புகார் வேணும்னாலும் குடுங்க. பொண்ணைத் தண்டிச்சிடாதீங்க."

"முதல்ல இதைப் படிங்க." செயலாளர் விலங்கு போட்ட கைகளால் ஒரு தாளை நகர்த்தினார். "'உன் படிப்புக்கு மிகப் பெரிய தடை எது?'ன்னு கேட்டிருந்தோம். நானூறு பிள்ளைங்க எழுதினாங்க. மத்த எல்லாரும் பணம்னு எழுதியிருந்தாங்க. ஒரே ஒரு பொண்ணு மட்டும் 'என் அப்பா'ன்னு எழுதியிருந்தா."

மகளின் சாய்ந்த கையெழுத்து!

'எனக்கு வந்த இரண்டு உதவித்தொகை அழைப்புகளையும் மோசடி என்று அப்பா தடுத்துவிட்டார். அதனால் அவருக்குத் தெரியாமல் இதை அனுப்புகிறேன். நீங்கள் அழைத்தால் ஒன்றும் தெரியாதவர்போலப் பேசுவார். நேரில் வரச் சொல்வார். தயவுசெய்து போகாதீர்கள். விலங்கு மாட்டுவார்.'

கழுகு அடுத்த பத்தியைப் படித்தார். எழுத்துகள் மங்கின.

'அப்பா இப்படி ஆனதற்கு நானும் ஒரு காரணம். என் படிப்புக்குச் சேர்த்த பணத்தைப் பெருக்க ஆசைப்பட்டு ஏமாந்துவிட்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே நினைக்கட்டும். நான் படித்து முடித்தால்தான் அவர் பழையபடி நிம்மதியாகத் தூங்குவார்.'

மூன்று வருஷமாக அவர் மறைத்ததை, மூன்று வருஷமாக அவள் மறைத்திருக்கிறாள்! வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. கழுகு காபி படிந்த சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குழுவில யாரும் நம்பலை சார். இப்படி ஒரு அப்பா இருக்க வாய்ப்பே இல்லை, கட்டுக்கதைன்னாங்க. பொய் எழுதினவங்களுக்கு நாங்க குடுக்கறதில்லை. அதான் நேர்ல பாத்து சரிபார்க்க வந்தேன்." செயலாளர் விலங்கைத் தூக்கிக் காட்டினார். "சரிபார்த்தாச்சு! பொண்ணு எழுதினது எழுத்துக்கு எழுத்து உண்மை."

"அப்ப... கிடைச்சிடுச்சா?"

"உங்க சம்மதம் மட்டும்தான் பாக்கி. என் போன்ல பட்டனை அமுக்கிட்டேன். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். சொல்லுங்க, பதிவு பண்ணிடலாம்."

"ஓ... ஓடிபியா?"

டிங்!

வந்துவிட்டது. ஆறு இலக்கம்.

கழுகு போனைக் கையால் மூடிக்கொண்டார். பள்ளி பள்ளியாக மேடையேறி, 'ஓடிபியைப் பெற்ற தாயிடமும் சொல்லாதே!' என்று முழங்கியவர்...

"சார், அஞ்சாக மூணு நிமிஷம்."

கழுகு நாக்கை அசைத்தார். வரவில்லை.

"ரெண்டு நிமிஷம் சார்!"

மகளின் அழுகை காதில் கேட்டது. கழுகு கண்களை இறுக மூடிக்கொண்டார். செயலாளரின் காதருகே குனிந்தார்.

"நாலு... ஒம்போது... சைபர்... ஏழு... ஏழு... ரெண்டு."

செயலாளர் விலங்கு குலுங்க ஒவ்வொன்றாக அடித்தார். பச்சை நிறத்தில் ஒரு டிக்!

அந்த நேரம் பார்த்து, மூச்சிரைக்க உள்ளே வந்த ஏட்டு வாசலிலேயே சிலையாக நின்றார். விலங்கு மாட்டிய ஆளிடம், கண்ணீரும் கம்பலையுமாக ஓடிபி சொல்லிக்கொண்டிருக்கும் மோசடிப் பிரிவு இன்ஸ்பெக்டர்!

ஏட்டு கையிலிருந்த சாவியைப் பார்த்தார். கழுகைப் பார்த்தார்.

"சார்... இதை அவருக்குக் கழட்டணுமா, இல்ல உங்களுக்கு மாத்தி மாட்டணுமா?"