சிவந்த பஞ்சு

வேல்முருகன் செத்துக் கிடந்தான்.

செவிலிமேட்டில் டாக்டர் குமரகுருவின் கிளினிக். ஊசி போடும் அறை. காலை பத்து மணிக்குத் தன் காலால் நடந்து வந்தவன், பதினொன்றுக்கு உயிரோடு இல்லை. முழங்கை வரை அரக்குச் சாயம் ஏறிய இரண்டு கைகளும் கட்டிலுக்கு வெளியே தொங்கின.

உமாபதி உள்ளே நுழைந்தார்.

டாக்டரின் அப்பா. நான்கு தலைமுறையாகப் பட்டுக்குச் சாயம் ஏற்றும் குடும்பம். வேல்முருகன் அவருடைய சாயப்பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவன்.

கட்டிலருகே குப்பை வாளி. அதில் ஈரமாய், சிவப்பாய், கை நிறையப் பஞ்சு... ரத்தமா?

"எப்படிடா செத்தான்?"

குமரகுரு கதவைச் சாத்தினான். இதய வால்வு கெட்டுப்போனதால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்பவன் வேல்முருகன். இன்றைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்துவிட்டது. சொல்லி முடித்துக் குரலைத் தாழ்த்தினான்.

"மஹா டெஸ்ட் டோஸ் போடாமயே ஊசிய ஏத்திட்டாப்பா. இன்ஸ்பெக்டர் வந்துக்கினு இருக்காரு. அவளே ஒத்துக்கட்டும். நீங்க சொன்னா கேப்பா. நம்ம குடும்ப மானம்பா இது."

மஹாலட்சுமி குமரகுருவின் மனைவி. அங்கே நர்ஸ்.

உமாபதி குப்பை வாளியையே பார்த்தார். தாடை இறுகியது.

இன்ஸ்பெக்டர் சத்யராஜ் வந்தார். மஹாலட்சுமியை அழைத்தார். அழுது வீங்கிய முகம். ஆனால் குரல் உடையவில்லை.

"தோலுக்கு அடியில துளி மருந்து போட்டுப் பார்த்தேன் சார். இருபது நிமிஷத்துல தடிச்சிடுச்சு. இவருக்கு வேணாம்னேன். எப்பவும் போடுற ஊசி, நீ எனக்குப் பாடம் நடத்துறியான்னு புடுங்கி டாக்டரே போட்டாரு. மூச்சு முட்டுனதும் அத முறிக்கிற அட்ரினலின் ஊசி எடுக்க ஓடுனேன்... பெட்டி காலி. வாங்கி வையுங்கன்னு ரெண்டு மாசமா இவர கேட்டுக்கினு இருக்கேன்."

"பொய்," என்றான் குமரகுரு. "டெஸ்ட் போட்டா முன்கையில பேனாவால வட்டம் போட்டிருப்பா. பாருங்க சார்."

சத்யராஜ் குனிந்து பார்த்தார். இரண்டு முன்கையிலும் ஒன்றுமில்லை.

மஹாலட்சுமி வாயைத் திறந்தாள்.

"நீ பேசாதம்மா," என்றார் உமாபதி.

அவள் முகம் செத்துப்போனது. குமரகுரு நிம்மதியாக மூச்சு விட்டான். அப்பா அப்பாதான்.

உமாபதி வாளியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்தார். முகர்ந்தார்.

"ரத்தம் இல்ல சார். என் பட்டறைச் சாயம். ஸ்பிரிட் வாடை அடிக்குது." மகன் பக்கம் திரும்பினார். "செத்தவன் கைய எதுக்குடா துடைச்ச?"

"அது... சுத்தம் பண்ண..."

"வட்டத்த அழிக்கத் துடைச்ச. அரக்கு மேல நீல மை கண்ணுக்குத் தெரியலன்னு நெனச்ச. அதான் முழங்கை வரைக்கும் தேய்ச்சிருக்க. சாயக்காரன் பெத்த புள்ளைக்கு இதுகூடத் தெரியல. சிவந்த தோல்ல ஊசி போட்டா, மருந்தால சிவந்திருக்கா சாயத்தால சிவந்திருக்கான்னு எவன்டா கண்டுபிடிப்பான்? இவளுக்குத் தெரியும். என் பட்டறைக்குத் தினம் வந்து போறவ. சாயம் படாத இடமா பார்த்துத்தான் போட்டிருப்பா."

வேல்முருகனின் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினார்.

மேற்கையின் உட்புறம்... வெளுத்த தோலில் ஒரு நீல வட்டம். நடுவே ஊசித் துளை, சுற்றிலும் தடிப்பு. கீழே மஹாலட்சுமியின் கையெழுத்து. 10.30. வேண்டாம்.

குமரகுரு சுவரில் சாய்ந்தான். "அப்பா... மானம்னு சொன்னேனே..."

"இருபது வருஷம் என்னை நம்பி வேலை செஞ்சவன்டா இவன். நீ டாக்டர்னு நான்தான் இங்க அனுப்பி வெச்சேன். கொன்னுட்டு, பழிய கட்டினவ தலையில போடுற. இதுல மானத்த எங்கடா தேடுற?"

சத்யராஜ் தயங்கினார். "ஐயா, உங்க ஒரே பையன்னு கேள்விப்பட்டேன். நீங்க சொன்னத வாக்குமூலமா எழுதிக்கலாமா?"

உமாபதி முதுகு வளையாமல் நின்றார்.

"எழுதிக்குங்க சார். சின்ன வயசுலயே இவனுக்கு ஒரு டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்திருக்கணும்... நான்தான் விட்டுட்டேன்."