தவளைகள் வாயை மூடிய பக்கம்

திங்கட்கிழமை மதியம், பெட்டிக்குள் தவளைகள் குறைந்திருந்தன.

சுதர்சினிக்கு முதலில் தன்மேலேயே சிரிப்பு வந்தது. பதிந்து வைத்த சத்தம் எங்கே போய்க் குறையும்? இயற்கைச் சத்தங்களைக் கலையாக்கித் திரியும் தேனுகா, மூச்சு முட்டும் வருத்தமுள்ள பிள்ளைகளுக்கென்று இந்தப் பூவரசங்குளத்துக் குளக்கட்டிலேயே ஒரு மாரி இரவு முழுக்கக் குந்தியிருந்து பதிந்தது அது. சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து தந்து, சுதர்சினியின் ஏழு வயது மகள் லக்சிகாவைப் பாயில் படுக்கவைத்துப் பழக்கியும் விட்டாள். தவளை கத்தும்போது மூச்சை இழுக்க வேண்டும். ஓயும்போது விட வேண்டும். இரண்டு மாதமாகப் பிள்ளை இரவில் எழுந்திருந்து இரைக்கவில்லை. அந்தப் பெட்டியைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைக்காத குறைதான்.

செவ்வாய்க்கிழமை பதிவில் வடக்குக் கரைத் தவளைகள் முழுதாக நின்றுவிட்டன. தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் மட்டும் கத்தின. சிறுவயதில் அப்பாவோடு இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவளுக்கு அது என்னவென்று தெரியும்: ஆள் நடந்து வரும் பக்கத்துத் தவளைகள்தான் வாயை மூடும். வெயிலில் தகரக் கூரை படபடவென்று பொரிய, குசினிக்குள் மீன்குழம்பு கொதித்து மணக்க, அந்தப் பட்டப்பகலில் அவள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். தேனுகாவுக்குப் போன் எடுத்தாள்.

“தங்கச்சி, நீங்கள் பதியேக்கை குளக்கட்டாலை ஆரும் போனவையே?”

“இல்லையக்கா. நான் தனியத்தான் இருந்தனான். ஏன், பிள்ளைக்குச் சுகமில்லையே?”

“சுகமாத்தான் இருக்கிறாள்.”

“அப்ப நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

புதன்கிழமை அவள் நிறுத்திப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது, இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. பெட்டியை மறுபடி போட்டாள். மூச்சு சீரானது. ஆனால் துருசடியும் ஓய்ந்திருந்தது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தவளை மிச்சம். அதற்கு அப்பால், தண்ணீருக்குள் கால் வைத்து எடுக்கும் சத்தம். அவசரமில்லாத கால்.

வியாழக்கிழமை புருசன் செல்வராசா வயலுக்குப் போய்விட்டான். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை.

கொறக். லக்சிகா இழுத்தாள். ஓய்ந்தது. விட்டாள். கொறக். இழுத்தாள்.

ஓய்ந்தது.

விட்டாள். விட்டுக்கொண்டேயிருந்தாள். வயிறு ஒட்டியது. கண் பெட்டியிலேயே நின்றது. சொல் தட்டாத பிள்ளை, அடுத்த தவளைக்காகக் காத்திருந்தது.

“இழு பிள்ளை. அம்மா சொல்லுறன், இழு.”

உதடு நீலமானது. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து வெளியே புகைந்தது. குலுக்கினாள். அறைந்தாள். கடைசியில் பாயில் முழங்காலில் நின்று, பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே, தொண்டை கிழியத் தவளைபோலக் கத்தினாள்.

அசைவில்லை.

பெட்டிக்குள் யாரோ கனைத்தார்கள்.

பிறகு, தவளையுடையது அல்லாத ஒரு தொண்டை, அவளிடம் கேட்டுப் பழகியதுபோல மெதுவாகச் சொன்னது: கொறக்.

பிள்ளையின் நெஞ்சு எழுந்தது.

சுதர்சினி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்த கொறக் வர நேரமெடுத்தது. அதற்கடுத்தது இன்னும் நேரமெடுத்தது. உள்ளே இருப்பது ரசித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

“கத்துங்கோ ஐயா,” என்றாள். “கும்பிட்டுக் கேக்கிறன். கத்துங்கோ.”

காலையிலிருந்து கரண்ட் இல்லை. பெட்டியின் பச்சைப் பற்றரி விளக்கு சிவப்பாக மாறி, மினுங்கத் தொடங்கியது.